மாவுக்குக் குளிருமா?

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீட்டுக் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அன்றைக்குத்தான் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், முழுக்கோதுமை மாவில் ரொட்டி சுடப்போகிறேன் என்று கிளம்பினாள்.

"கடையில விக்கிற பிரெட் மாதிரியே பொசுபொசுன்னு வரணும் சித்தி. ஆனா கொஞ்சங்கூட மைதா சேர்க்கக் கூடாது" என்றாள்.

மில்லில் திரித்து வந்த மாவு டப்பாவில் இருந்தது. ஈஸ்ட்டும் சர்க்கரையும் உப்பும் போட்டுப் பிசைந்தாள். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும் என்று அவள் எழுதிவைத்திருந்த குறிப்பு சொன்னது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, ஒரு மணி நேரம் ஆனதும் தகர அச்சில் போட்டு மின் அடுப்புக்குள் வைத்தோம். வெளியே எடுத்தபோது ரொட்டி மூன்று விரற்கடை உயரம்கூட இல்லை. தட்டினால் பலகையைத் தட்டுகிற சத்தம். அறுத்தால் நடுவில் களி. அவள் முகம் வாடிவிட்டது.

ஆச்சி ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினாள். அமுங்கிய இடம் அப்படியே குழியாக நின்றது.

"ஏட்டி, சாரல் நேரத்துல இட்லி மாவே பொங்க மாட்டேங்கு. விடிய விடிய வச்சாலும் பாதிச் சட்டிதான் இருக்கு. இந்த மாவு மட்டும் ஒரு மணி நேரத்துல எப்படிப் பொங்கும்? அதுக்கும் குளிரும்லா?"

மாவுக்குக் குளிருமா? பேத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆச்சி சொன்னதற்குள் ரொட்டியின் அறிவியலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி நம் திருநெல்வேலி அல்வாவில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வீட்டில் அல்வா கிண்டிப் பார்த்திருக்கிறீர்களா? சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். அந்தப் பாலை இரவு முழுக்க அசையாமல் வைப்பார்கள். காலையில் மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் கெட்டியாகப் படிந்ததைச் சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய் விட்டுக் கிண்டுவார்கள். துணியில் மிஞ்சும் சக்கை மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

அந்தச் சக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தவிட்டோடு சேர்ந்து சவ்வுபோல ஒன்று இருக்கும். இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கும்.

1728-ஆம் ஆண்டு, இத்தாலியின் பொலோனியா நகரத்தில் பெக்காரி என்ற பேராசிரியர் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்தார். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவிப் பார்த்தார். தண்ணீரோடு வெள்ளையாக ஒன்று போனது. கையில் பசைபோல ஒன்று நின்றது. வெள்ளையாகப் போனது மாவுச்சத்து. கையில் நின்றது புரதம். பசை என்று பொருள்படும் லத்தீன் சொல்லாலேயே அதற்குக் குளூட்டன் என்று பெயர் வந்தது. அல்வா கிண்டுகிறவர் மாவுச்சத்தை வைத்துக்கொண்டு குளூட்டனை விட்டுவிடுகிறார். ரொட்டி சுடுகிறவருக்கு அந்தக் குளூட்டன் இல்லாமல் வேலையே நடக்காது.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். மைதா ஒரு கைப்பிடி, கோதுமை மாவு ஒரு கைப்பிடி, அரிசி மாவு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் தனித்தனியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒவ்வொரு உருண்டையையும் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். அரிசி மாவு உருண்டை கொஞ்ச நேரத்தில் கரைந்து காணாமல் போகும். அதில் குளூட்டன் கிடையாது. மைதாவில் வெளிர்மஞ்சளாக, சூயிங்கம்போல ஒரு கட்டி மிஞ்சும். கோதுமை மாவிலும் மிஞ்சும். ஆனால் பழுப்பாக, சொரசொரவென்று, இழுத்தால் சீக்கிரம் அறுந்துபோவதாக இருக்கும். ஏன் அறுகிறது என்பதற்குப் பிறகு வருவோம். கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் படிவது அல்வாவுக்கு எடுக்கிற அதே சத்துதான்.

குளூட்டன் என்பது மாவில் ஆயத்தமாக இருப்பதில்லை. கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. குளூட்டெனின், இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணத்தைத் தருகிறது. கிளையடின், இழுத்த இழுப்புக்கு நீளும் குணத்தைத் தருகிறது.

இந்த வலையை நம் ஊரில் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் இருக்கிறதே, அங்கே பரோட்டாக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். (செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்த எல்லை போய் இத்தனை வருடமாகியும் 'பார்டர்' என்ற பெயர் போகவில்லை.) மாஸ்டர் உருண்டையைத் தட்டி, இரண்டு கையால் பிடித்துக் கல்லின் மேல் வீசுகிறார். மாவு மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரிகிறது, கிழியவில்லை. அது முழுக்க மைதாவின் குளூட்டன் வலை. வீசுவதற்கு முன்னால் உருண்டைகளை எண்ணெயில் போட்டு ஏன் ஊறவைக்கிறார்கள் தெரியுமா? பிசைந்த உடனே வலை இறுக்கமாக இருக்கும். இழுத்தால் விறைத்துக்கொண்டு திரும்பச் சுருங்கும். ஊறவிட்டால் தளர்ந்து கொடுக்கும். எண்ணெய் மேலே காய்ந்து ஏடு கட்டாமல் காக்கும்.

ரொட்டிக்கு அந்த வலை எதற்கு? காற்றைப் பிடிக்க. காற்றை ஊதுவது ஈஸ்ட்.

ஈஸ்ட் ஒரு பூஞ்சை, அதாவது காளானுக்குச் சொந்தம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். நூறு ஈஸ்ட்டை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. 1680-இல் ஹாலந்தில் லீவன்ஹூக் தன் கையால் செய்த நுண்ணோக்கியில் அவற்றை உருண்டைகளாகப் பார்த்தார். அவை உயிருள்ளவை, சர்க்கரையைத் தின்று புளிப்பேற்றும் வேலையைச் செய்பவை என்று, அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டு கழித்து லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடுகிறது. கோலி சோடாவில் குமிழ் விடுகிறதே, அதே வாயு. ஆல்கஹால் சுடும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

நம் பக்கத்துப் பனையேறிகளுக்கு ஈஸ்ட் என்ற பெயர் தெரிவதற்கு எத்தனையோ காலம் முன்பே அதன் குணம் தெரியும். பதநீர் இறக்கும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் இனிப்பைத் தின்று அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அவற்றால் வளர முடியாது; அதனால் பதநீர் பதநீராகவே இருக்கும். அந்தக் கள்ளை ரொட்டி மாவிலும் ஆப்ப மாவிலும் ஊற்றிப் பொங்கவைக்கிற வழக்கம் கேரளத்திலும் கோவாவிலும் உண்டு. போர்ச்சுகீசியர் ரொட்டியைச் சொல்லும் 'பாவ்' என்ற சொல்தான் இலங்கைத் தமிழரிடம் 'பாண்' ஆயிற்று. பாண் சுடும் அடுப்பை அவர்கள் 'போறணை' என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ரொட்டி அடுப்பு என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இட்லி மாவிலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அரிசியில் குளூட்டன் இல்லையே, வாயுவை எது பிடித்துவைக்கிறது? உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது இதனால்தான்.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வரலாம். ஈஸ்ட்டுக்கு நம்மைப்போல் உடம்பு நடுங்காது. ஆனால் அதன் உள்ளே சர்க்கரையை உடைக்கிற வேலையை நொதிகள் செய்கின்றன. வெப்பம் குறைந்தால் மூலக்கூறுகள் மெதுவாக நகரும். நொதியும் சர்க்கரையும் சந்திப்பது குறையும். வாயு மெல்ல வரும். பொதுவாக 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அன்று எங்கள் அடுக்களையில் வெப்பமானி 24 டிகிரி காட்டியது. பங்குனியில் அதே சுவரில் 33 பார்த்திருக்கிறேன். பங்குனி மாவுக்கு எழுதிய நேரத்தை ஆடி மாவுக்குக் கொடுத்தால் அது பாதி வழியில் நிற்கத்தானே செய்யும்? ஆமாம் ஆச்சி, மாவுக்குக் குளிரும்.

குளிர் மட்டும் காரணமில்லை. அவள் எடுத்தது முழுக்கோதுமை. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது.

ஒரு கோதுமை மணியை எடுத்து, நடுவில் ஓடும் கோட்டின் வழியே நீளவாக்கில் பிளேடால் வெட்டித் தரப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளியே பழுப்புத் தோல், அதுதான் தவிடு. ஒரு முனையில் மஞ்சளாகச் சின்னதாய் ஒரு புள்ளி, அது முளை. மற்றதெல்லாம் வெள்ளை மாவு. 100 கிராம் கோதுமையில் சுமார் 83 கிராம் வெள்ளைப் பகுதி, 14 கிராம் தவிடு, 3 கிராம் முளை. மைதாவில் அந்த வெள்ளைப் பகுதி மட்டும்தான். முழுக்கோதுமை மாவில் மூன்றும். நார்ச்சத்து தவிட்டில் இருக்கிறது. வைட்டமின்களிலும் இரும்புச்சத்திலும் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. முளையில் எண்ணெயும் உண்டு. அதனால்தான் திரித்த கோதுமை மாவை நாள்பட வைத்தால் காறல் வாடை வருகிறது. மைதாவில் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

ஆனால் தவிட்டுத் துணுக்குகள் கூர்மையானவை. ஈஸ்ட் ஊதும்போது குளூட்டன் வலை விரிகிறது. விரிகிற இடத்தில் தவிடு குத்துகிறது. வலை கிழிந்து வாயு ஓடிவிடுகிறது. மேலே கழுவிப் பார்த்தோமே, பழுப்புக் கட்டி சீக்கிரம் அறுந்தது இதனால்தான். இன்னொன்று, தவிடு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும், நிறையக் குடிக்கும். பிசைந்தபோது சரியாக இருக்கிற மாவு அரை மணி கழித்துக் கட்டியாகிவிடும். சப்பாத்திக்குப் பிசைந்துவைத்து மறந்துபோனவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் வழி? தவிட்டை முதலில் ஊறவிட வேண்டும். ஊறிய தவிடு மெத்தென்றாகும், குத்தாது. பிரான்சில் ரொட்டிக் கலை சொல்லிக்கொடுத்த ரேமோன் கால்வெல், 1970-களில் இப்படி மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சும்மா வைக்கிற முறையைப் பரப்பினார். சும்மா இருக்கிற அந்த நேரத்தில் குளூட்டன் தானே வலை பின்னத் தொடங்கும். மாவிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைத்து ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு ஆயத்தம் செய்யும். முழுக்கோதுமைக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. எந்த மாவு மேம்படுத்தும் பொடியும் வேண்டாம். தண்ணீரும் அரை மணியும் போதும்.

அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தோம். அன்றும் சாரல்தான். 300 கிராம் மாவு, 225 மில்லி தண்ணீர். கரண்டியால் கலந்து, தட்டு போட்டு மூடி, அரை மணி நேரம் தொடவில்லை. முதல் தடவை 170 மில்லிதான் ஊற்றியிருந்தாள். இந்தத் தடவை மாவு கையெல்லாம் ஒட்டியது. "நெறைய தண்ணி ஆயிட்டு சித்தி, மாவு போடவா?" என்றாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஊறியபின் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி கருப்பட்டித் தூள், கொஞ்சம் நல்லெண்ணெய், இவற்றோடு 15 மில்லி தண்ணீர். உப்பு ருசிக்கு மட்டுமில்லை. வலையை இறுக்கும், ஈஸ்ட்டை அவசரப்படாமல் வைக்கும். பத்து நிமிடம் பிசைந்தாள். கடைசியில் நெல்லிக்காய் அளவு எடுத்து விரல்களால் மெல்ல விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். தவிட்டுப் புள்ளிகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவியது. ஒரு கணம் நின்று, பிறகு கிழிந்தது. மைதாவாக இருந்தால் இன்னும் விரிந்திருக்கும். இதற்கு இது போதும்.

இப்போது ஒரு சோதனை. மாவிலிருந்து எலுமிச்சை அளவு இரண்டு உருண்டை கிள்ளி, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தம்ளர்களுக்குள் அமுக்கினோம். மாவின் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டினோம். ஒரு தம்ளர் அடுக்களை மேடையில். இன்னொன்றை ஆச்சி தன் இட்லிக் கொப்பரைக்குள் வைத்தாள். அடியில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலே மூடி. உள்ளே 31 டிகிரி. கொப்பரைத் தம்ளரில் மாவு இரண்டு மடங்காக 1 மணி 10 நிமிடம் ஆனது. மேடைத் தம்ளருக்கு 2 மணி 15 நிமிடம்.

ஒரே மாவு, ஒரே ஈஸ்ட். அவள் நோட்டில் கோடு போட்டு எழுதினாள்.

பெரிய உருண்டையையும் மேடையில்தான் வைத்திருந்தோம். மெதுவாகப் பொங்கினால் வாசமும் ருசியும் கூடுதலாகச் சேரும் என்பதால் அதை அவசரப்படுத்தவில்லை. இரண்டு மடங்கானதும் சுருட்டி அச்சில் போட்டோம். இரண்டாம் முறை பொங்கும்போது கவனம் வேண்டும். முழுக்கோதுமை வலை மெலிந்தது. ரொம்பப் பொங்கவிட்டால் அடுப்பில் அமுங்கிப்போகும். ஒன்றரை மடங்கு போதும். மாவில் விரலால் லேசாகக் குத்தினால் குழி சட்டென்று நிரம்பக் கூடாது, அப்படியே நிற்கவும் கூடாது. மெல்ல எழும்பி வர வேண்டும்.

அடுப்பு 200 டிகிரி, 40 நிமிடம். அடுப்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். நீங்கள் கண்ணாடி வழியாகப் பாருங்கள். முதல் பத்து நிமிடம்தான் திருவிழா. சூட்டில் வாயு விரிகிறது, நீர் ஆவியாகிறது, ஈஸ்ட்டும் கடைசி மூச்சாக வேகமாக ஊதுகிறது. மாவு கண்முன்னே மேலெழும். உள்ளே 55-லிருந்து 60 டிகிரி ஆனதும் ஈஸ்ட் இறந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதி இறுகத் தொடங்கும். அல்வா கிண்டக் கிண்டத் திரண்டு வருவதும் இதே மாற்றத்தால்தான். சூட்டில் குளூட்டன் வலையும் கெட்டிப்படும். அப்புறம் குமிழ்களைத் தாங்க ஈஸ்ட் தேவையில்லை.

உள்ளே ஈரம் இருக்கும்வரை ரொட்டியின் நடு 100 டிகிரியைத் தாண்டாது. மேல்தோல் காய்ந்துவிடுவதால் அது மட்டும் தாண்டிப் போகும். அங்கே புரதத் துண்டுகளும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, தெருவே திரும்பிப் பார்க்கிற வாசத்தைக் கிளப்பும். 1912-இல் இதை முதலில் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயரால் அது மயார் வினை எனப்படுகிறது. தோசையின் முறுகலும் அதே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழுப்பாக இருக்கிற ரொட்டியெல்லாம் முழுக்கோதுமை இல்லை. கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்தும் பழுப்பாக்கலாம். பாக்கெட்டின் பின்னால் பொருள்களின் பட்டியல் இருக்கும். எடையில் அதிகமானது முதலில் எழுதப்பட்டிருக்கும். முதல் பெயர் மைதா என்றோ, சுத்திகரித்த கோதுமை மாவு என்றோ இருந்தால் அது என்ன நிறமாக இருந்தாலும் முக்கியமாக மைதா ரொட்டிதான். இதைக் கடையிலேயே படித்துப் பார்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளியே எடுத்ததும் அறுக்கத் துடித்தாள். ஒரு மணி நேரம் விடவில்லை. சூட்டோடு அறுத்தால் உள்ளே இன்னும் இறுகாத மாவுச்சத்து கத்தியில் களியாக ஒட்டும். கம்பித் தட்டில் ஆறவிட்டோம். ஆறும்போது மேல்தோல் மெல்லிசாக முறிந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டது. மூன்று பேரும் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம்.

அறுத்தபோது உயரம் நான்கு அங்குலம். உள்ளே ஓட்டைகள் சிறிதும் பெரிதுமாக. ஒன்றிரண்டு பட்டாணி அளவு, மற்றவை கடுகளவு. ஆச்சி ஒரு துண்டை முன்போலவே விரலால் அமுக்கினாள். குழி மெல்ல மெல்ல எழும்பி வந்து மூடிக்கொண்டது. தேங்காய்ச் சம்மந்தி தொட்டுச் சாப்பிட்டாள். "காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற ரொட்டி மாதிரி சப்புன்னு இல்லட்டி" என்றாள்.

மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிவைத்தோம். சாரல் ஈரத்தில் மூன்றாம் நாள் ஓரத்தில் பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் நாம் சேர்க்கவில்லையே. பூசணமும் ஈஸ்ட்டைப்போலப் பூஞ்சைதான் என்று சொன்னதும், அதைத் தூரப்போடுவதற்கு முன் லென்ஸ் எடுத்துவந்து தொடாமல் வெகுநேரம் பார்த்தாள்.

அவள் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் 'ஆடி, மேடை, 24 டிகிரி, 2 மணி 15 நிமிடம்' என்று இருக்கிறது. இரண்டாம் வரியில் 'ஆடி, ஆச்சி கொப்பரை, 31 டிகிரி, 1 மணி 10 நிமிடம்'. அதற்குக் கீழே 'ஐப்பசி மழை', 'மார்கழி', 'பங்குனி வெயில்' என்று மூன்று வரி எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறாள்.